எச்.ஐ.வி. கூட்டில் ஏறி வந்த ஜீன்

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சின்னக் குப்பியை முதலில் கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் குளிர் போக்க வேண்டும். உள்ளே வெள்ளைப் பொடி. அதனுடன் வந்த தண்ணீரைப் பொடிக்குள் இறக்கி, உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்ட வேண்டும். குலுக்கக் கூடாது, நுரைத்தால் மருந்து வீணாகும். பிறகு பட்டர்ஃபிளை ஊசியை நரம்பில் ஏற்றி (மருத்துவர்கள் சிரை என்பார்கள், வீட்டில் எல்லாருக்கும் அது நரம்புதான்) மெதுவாகச் செலுத்த வேண்டும். ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோய் கடுமையாக உள்ள பையன் இருக்கும் வீட்டில், மருந்துக்கு வழி இருந்தால், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இது நடக்கும். பள்ளிக்கூடம் போகும் முன் காலையில் செய்துவிடுவார்கள். வழி இல்லாத வீட்டில், முழங்கால் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள்.

இந்தக் குப்பியே வேண்டாம் என்று ஐந்து பேருக்கு ஆகியிருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.), 22 முதல் 41 வயது வரையிலான, கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து ஆண்களுக்கு மரபணு சிகிச்சை தரப்பட்டது. அவர்களுடைய ரத்தத்தின் ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்களை, வெளியே எடுத்து, பழுதான ஜீனுக்குப் பதிலாக வேலை செய்யும் ஜீனை ஏற்றித் திரும்ப உடம்புக்குள் விட்டார்கள். மருத்துவர் அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையிலான குழு இதன் முடிவை 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டது. ஐந்து பேரையும் சேர்த்துக் கணக்கிட்டால் 81 மாதக் கண்காணிப்பு. அந்தக் காலத்தில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை.

செய்தித்தாள்களில் இது ‘இந்திய மருத்துவர்களின் சாதனை’ என்று ஒரு நாள் வந்து போனது. சாதனைதான். ஆனால் அந்த ஜீனை உள்ளே கொண்டு சேர்த்த வண்டி எதிலிருந்து செய்தது என்பதைப் பெரும்பாலான செய்திகள் ஒரு வரியில் தாண்டிவிட்டன. அது எச்.ஐ.வி. வைரஸிலிருந்து செய்தது. ஹீமோபிலியாக்காரர்களுக்கும் எச்.ஐ.வி.க்கும் உள்ள பழைய கணக்கு தெரிந்தவர்களுக்கு அது தாண்டிப் போகிற வரி இல்லை.

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். ரத்தம் உறைவது ஒரு தொடர் வேலை. ஒரு புரதம் அடுத்ததைத் தட்டி எழுப்ப, அது அதற்கடுத்ததை எழுப்பும். இந்தப் புரதங்களைத்தான் ஃபேக்டர் என்று எண் போட்டு அழைக்கிறார்கள். எட்டாம் ஃபேக்டர் இல்லாவிட்டால் ஹீமோபிலியா ஏ, ஒன்பதாம் ஃபேக்டர் இல்லாவிட்டால் ஹீமோபிலியா பி. இரண்டுக்குமான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அம்மா சுமப்பாள், மகன் அனுபவிப்பான். பிறக்கும் ஆண் குழந்தைகளில் சுமார் 5,000 பேருக்கு ஒருவருக்கு ஏ வகை வருகிறது.

விரல் வெட்டுப்பட்டால் ரத்தம் நிற்காமல் கொட்டிச் செத்துவிடுவார்கள் என்பது சினிமாக் கற்பனை. உண்மையான சேதம் உள்ளே, மூட்டுகளில் நடக்கிறது. முழங்கால், கணுக்கால், முழங்கை. அடிபடக் கூட வேண்டாம். சும்மா இருக்கும்போதே கசியும். வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பையனுக்குத் தெரிந்துவிடும்: மூட்டுக்குள் ஒரு சூடு, குறுகுறுப்பு. பிறகு வலி, மடக்க முடியாத கால், ஐஸ் ஒத்தடம், பள்ளிக்கூடத்துக்கு மட்டம். தேங்கிய ரத்தத்தின் இரும்புச்சத்து மூட்டின் உள்சவ்வை அரித்து, குருத்தெலும்பைத் தின்று, இருபது வயதுப் பையனுக்கு எழுபது வயதுத் தாத்தாவின் முழங்காலைக் கொடுத்துவிடும்.

ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும். சராசரி ஆளின் எட்டாம் ஃபேக்டர் அளவை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 முதல் 150 வரை இருந்தால் சாதாரணம். ஒன்றுக்கும் கீழே போனால் கடுமையான நோய். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் என்றால் நடுத்தரம். ஐந்தைத் தாண்டி நாற்பது வரை லேசானது. அப்படிப்பட்ட ஆளுக்குப் பல் பிடுங்கும்போதோ ஆபரேஷனின்போதோதான் விஷயமே தெரியவரும். அதாவது நூறு தேவையில்லை. பூஜ்யத்திலிருந்து பத்துக்கு ஏறினாலே வாழ்க்கை மாறிவிடும். மரபணு சிகிச்சைக்காரர்கள் முப்பது வருடங்களுக்கும் மேலாக ஹீமோபிலியாவையே சுற்றிச் சுற்றி வருவதற்கு இதுதான் காரணம். குறி தவறினாலும் பலன் உண்டு என்கிற நோய்கள் மருத்துவத்தில் அதிகம் இல்லை.

இனி பழைய கணக்கு. 1960களின் நடுவில் அமெரிக்காவில் ஜூடித் பூல் என்ற ஆய்வாளர், உறையவைத்த பிளாஸ்மாவை (அணுக்களை நீக்கிய ரத்தத் திரவம்) மெல்ல உருக்கும்போது பையின் அடியில் கசடு போல ஒன்று தங்குவதைக் கவனித்தார். அந்தக் கசட்டில்தான் எட்டாம் ஃபேக்டர் செறிவாக இருந்தது. கிரையோபிரெசிபிடேட் என்ற பெயரில் இன்றும் ரத்த வங்கிகளில் அது கிடைக்கிறது. அப்புறம் 1970களில் அதை இன்னும் செறிவாக்கி, பொடியாக்கி, குப்பியில் அடைத்தார்கள். நோயாளி வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று ஆனது. கொண்டாடினார்கள். ஆனால் ஒரு தொகுப்பு மருந்து தயாரிக்க ஆயிரக்கணக்கான பேரின் பிளாஸ்மாவை ஒரே தொட்டியில் கலக்க வேண்டும். அமெரிக்காவில் அந்தப் பிளாஸ்மாவில் பெரும்பகுதி காசு கொடுத்து வாங்கியது. சிறைக் கைதிகளிடமிருந்தும் எடுத்தார்கள். ஆயிரம் பேரில் ஒருவருக்கு வைரஸ் இருந்தாலும் தொட்டி முழுவதும் கெட்டுவிடும்.

கெட்டது. பிரிட்டனில் மட்டும் ரத்தம் உறையாத நோய்கள் உள்ள சுமார் 1,250 பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அவர்களில் சுமார் 380 பேர் குழந்தைகள். நான்கில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள். இது பெருமளவு தவிர்த்திருக்கக்கூடிய பேரழிவு, அரசும் மருத்துவ அமைப்பும் உண்மையை மறைத்தன என்று பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான விசாரணை சொல்வதற்கு 2024 மே வரை ஆனது. அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான் என்று இதே கதை பல நாடுகளில் நடந்தது. எச்.ஐ.வி.யிலிருந்து தப்பியவர்களில் பலரும் ஹெபடைடிஸ் சி-யோடு ஈரல் கெட்டு வாழ்ந்தார்கள்.

நம் நாட்டில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா இருநூறு ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றைச் சோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்து, இரவு ரயிலில் காட்பாடி வந்து இறங்கி, கொண்டுபோய்ச் சேர்த்த இடம் வேலூர் சி.எம்.சி. சோதனைத் தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதலில் தெரிந்தது அந்தத் தட்டில்தான். அதே 1986-இல்தான் அங்கே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் தொடங்கியது. இந்த இரண்டு பாதைகளும் ஒரு நாள் ஒன்று சேரும் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

எட்டாம் ஃபேக்டரின் ஜீனை 1984-இல் பிரித்தெடுத்துவிட்டார்கள். 1990களில் மனித ரத்தம் கலக்காமல், ஆய்வகச் செல்களில் வளர்த்த ஃபேக்டர் சந்தைக்கு வந்தது. ஜீன் கையில் இருக்கிறது, அதை நோயாளியின் உடம்பிலேயே வைத்துவிட்டால் என்ன என்ற கேள்வியும் கூடவே வந்தது. வைப்பதற்கு ஒரு வண்டி வேண்டும். செல்லுக்குள் நுழையத் தெரிந்தவை வைரஸ்கள்தான் என்பதால் அவற்றின் நோய் உண்டாக்கும் பகுதியைக் கழற்றிவிட்டு வண்டியாக்கினார்கள்.

பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுத்தது ஏ.ஏ.வி. என்ற சின்ன வைரஸ். மனிதனுக்கு நோய் தராது. கை நரம்பில் ஒரே ஒரு முறை ஏற்றினால் நேராக ஈரலுக்குப் போய் உட்காரும். கீமோ வேண்டாம், ஆபரேஷன் வேண்டாம். லண்டன் குழு ஒன்று 2011-இல் ஆறு ஹீமோபிலியா பி நோயாளிகளிடம் இதைச் செய்துகாட்டியது. 2022 நவம்பரில் பி வகைக்கு ஹெம்ஜெனிக்ஸ், 2023 ஜூனில் ஏ வகைக்கு ராக்டேவியன் என அமெரிக்கா அனுமதி கொடுத்தது. முதலாவதன் விலை 35 லட்சம் டாலர், இரண்டாவது 29 லட்சம். ராக்டேவியனின் விலையை மட்டும் ரூபாயில் போட்டுப் பார்த்தால் சுமார் 24 கோடி.

விலை கிடக்கட்டும், வேறு சிக்கல்களும் உண்டு. ஏ.ஏ.வி.யின் வயிறு சின்னது. எட்டாம் ஃபேக்டரின் ஜீன் பெரியது. நடுவில் ஒரு பெரிய துண்டை வெட்டியெடுத்தால்தான் திணித்தாவது ஏற்ற முடியும். ஏற்றிய ஜீன் செல்லின் சொந்த டி.என்.ஏ.வோடு பெரும்பாலும் சேராமல் தனியாகவே கிடக்கும். அதனால் ஈரல் செல்கள் பெருகப் பெருக அது நீர்த்துப்போகும். குழந்தையின் ஈரல் வளரும் ஈரல் என்பதால் குழந்தைகளுக்குக் கொடுக்க முடியாது. ஏற்கெனவே இயற்கையில் இந்த வைரஸைச் சந்தித்து எதிர்ப்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பலன் இராது, ஈரல் கெட்டவர்களுக்கும் தர முடியாது. அதாவது பழைய குப்பியால் ஹெபடைடிஸ் சி வந்து ஈரல் போனவருக்குப் புதிய மருந்தும் இல்லை. ராக்டேவியன் போட்டவர்களுக்கோ எட்டாம் ஃபேக்டர் முதல் வருடம் உயரே போய், பிறகு வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்தது. எங்கே போய் நிற்கும் என்று தெரியாத மருந்துக்கு 24 கோடி கொடுக்க யாரும் வரிசையில் நிற்கவில்லை. பி வகைக்கு இன்னொரு மருந்துக்கு அனுமதி வாங்கிய ஃபைசர் நிறுவனம் ஒரு வருடத்துக்குள், 2025 பிப்ரவரியில், ஆள் வரவில்லை என்று அந்த மருந்தின் கடையைச் சாத்திவிட்டது.

வேலூர் குழு அட்லாண்டாவிலுள்ள எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து வேறு வழியில் போனது. அவர்கள் எடுத்த வண்டி லென்டிவைரஸ், அதாவது எச்.ஐ.வி.யின் எலும்புக்கூடு. எச்.ஐ.வி.க்கு ஒரு திறமை உண்டு: தன் ஜீன்களை நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே தைத்துவிடும். செல் பிரியும்போதெல்லாம் அதுவும் நகலாகும். எய்ட்ஸை முழுசாகக் குணப்படுத்த முடியாமல் இருப்பதும் அதனால்தான். தைக்கும் திறமையை மட்டும் வைத்துக்கொண்டு, பெருகுவதற்கும் நோய் தருவதற்கும் வேண்டிய ஜீன்களை எடுத்துவிட்டால் நிரந்தர வண்டி கிடைக்கிறது. தயாரிக்கும்போது வைரஸின் பாகங்களைத் தனித்தனி டி.என்.ஏ. வளையங்களில் பிரித்து வைப்பார்கள். அவை மறுபடி ஒன்றுசேர்ந்து முழு வைரஸாகிவிடக் கூடாது என்பதற்காக. உறைகூட அதனுடையது இல்லை. இந்த வகை வண்டிகளுக்குப் பொதுவாக மாட்டுக்கும் குதிரைக்கும் வாய்ப்புண் வரவைக்கும் ஒரு வைரஸின் சட்டையைத்தான் மாட்டிவிடுகிறார்கள்.

வேடிக்கை இதோடு முடியவில்லை. வேலூரில் ஏற்றிய எட்டாம் ஃபேக்டர் ஜீனில் ஒரு பகுதி பன்றியிடமிருந்து வந்தது. மனிதச் செல்கள் எட்டாம் ஃபேக்டரை வெளியே தள்ளுவதில் மந்தம். பன்றியின் எட்டாம் ஃபேக்டரில் உள்ள சில துண்டுகளைச் சேர்த்தால் உற்பத்தி பல மடங்கு கூடுகிறது என்று எமரிக்காரர்கள் கண்டார்கள். எச்.ஐ.வி. எலும்பு, கொஞ்சம் பன்றி, மீதி மனிதன். நரசிம்ம அவதாரம் தோற்றது.

நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் நடந்தது இது. முதலில் சில நாள் ஊசி போட்டு எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவைப்பார்கள். பிறகு இயந்திரத்தோடு இணைத்து, ஒரு பக்கம் ரத்தம் போக இன்னொரு பக்கம் திரும்பி வர, நடுவில் செல்கள் பிரியும். பிரித்த செல்களோடு வண்டி வைரஸை ஆய்வகத்தில் சேர்த்து ஊறவிடுவார்கள். இதற்கிடையே நோயாளிக்குக் கடுமையான கீமோ: பழைய மஜ்ஜையைக் காலிசெய்து புதிய செல்களுக்கு இடம் உண்டாக்க. அதன் பிறகு ஒரு சின்னப் பை, சாதாரண ரத்தம் ஏற்றுவது போல. அது ஏறி முடிவதற்கு அதிக நேரம் ஆகாது. கஷ்டம் அதன் பிறகு. வெள்ளை அணுக்கள் பூஜ்யத்துக்கு வந்து, தொற்று வந்தால் தாங்க முடியாத நிலையில், தனி அறையில், வாய்ப்புண்ணோடு, முடி கொட்டி, புதிய மஜ்ஜை தழைக்கும் வரை காத்திருக்க வேண்டும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உள்ள குழந்தைகளுக்கு வருடக்கணக்காக மஜ்ஜை மாற்றிப் பழகிய ஒரு வார்டு இல்லாமல் இந்தக் கட்டத்தைத் தாண்ட முடியாது. வண்டியை அட்லாண்டாவில் வடிவமைத்திருக்கலாம். வார்டை ஒரே நாளில் வடிவமைக்க முடியாது. என்னைக் கேட்டால் வேலூரின் உண்மையான பங்கு இந்த வார்டுதான்.

தழைத்த ஸ்டெம் செல்களிலிருந்து வரும் எல்லா ரத்த அணுக்களிலும் ஜீன் இருக்கும், ஆனால் எல்லாவற்றிலும் வேலை செய்யாது. மோனோசைட் போன்ற சில வெள்ளை அணுக்களில் மட்டும் திறக்கும் ஒரு சுவிட்சை அதற்கு வைத்திருக்கிறார்கள். இயல்பில் எட்டாம் ஃபேக்டர் சுரப்பது ரத்தக் குழாய்களின் உள்சுவர்ச் செல்கள், முக்கியமாக ஈரலில். மோனோசைட்டுக்கு இது தெரியாத தொழில்.

கற்றுக்கொண்டதா? முதல் இரண்டு பேருக்கு எட்டாம் ஃபேக்டர் 5.2, 1.7 என்ற அளவில் நின்றது. அடுத்த மூன்று பேருக்கு, வைரஸ் செல்லுக்குள் நன்றாக நுழைய உதவும் ஒரு பொருளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு 37.1, 19.3, 39.9. முன்பு சொன்ன கணக்கில் வைத்துப் பாருங்கள். அந்த மூவரும் கடுமையான நோயிலிருந்து லேசான நோய்க்கு வந்துவிட்டார்கள். இரண்டு பேர் சாதாரண எல்லைக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். 1.7 மட்டும் உள்ளவருக்கும் கசிவு இல்லை என்பது எனக்கு இன்னும் சுவாரசியமாக இருக்கிறது. குப்பி மருந்தின் அளவு ஊசி போட்டவுடன் ஏறி, இரண்டு நாளில் தரைக்கு வந்துவிடும். இது எப்போதும் அதே மட்டத்தில் நிற்கிறது. ஒரு நாள் அள்ளி மறுநாள் வறண்டு கிடக்கும் குழாயை விட, சொட்டுச் சொட்டாக ஊறும் ஊற்று மேல் என்பது போல.

ஆனால் ஐந்தே ஐந்து பேர். கண்காணித்தது 9 முதல் 27 மாதம். இன்னும் பெரிய சந்தேகம் ஒன்றும் இருக்கிறது: டி.என்.ஏ.வில் தைக்கிறது சரி, எங்கே தைக்கிறது? தையல் புற்றுநோய் ஜீன் ஒன்றின் பக்கத்தில் விழுந்து அதைத் தட்டி எழுப்பிவிட்டால்? இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2000களின் தொடக்கத்தில், எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு வேறு வகை ரெட்ரோவைரஸ் வண்டியில் ஜீன் வைத்தபோது, குணமான சில குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. லென்டிவைரஸ் அதைவிடப் பாதுகாப்பானது என்று நம்பிக்கொண்டிருந்தபோது, மூளையைப் பாதிக்கும் ஒரு பரம்பரை நோய்க்கான ஸ்கைசோனா சிகிச்சை பெற்ற 67 பேரில் 7 பேருக்கு ரத்தப் புற்று வந்ததாக 2024 அக்டோபரில் செய்தி வந்தது. அதில் வைத்திருந்த சுவிட்ச் மிக வலுவானது; அக்கம்பக்கத்து ஜீன்களையும் அது எழுப்பிவிட்டது என்பது விளக்கம். வேலூர் வண்டியின் சுவிட்ச் சில அணுக்களில் மட்டும் திறப்பது என்பதால் ஆபத்து குறைவு என்று எதிர்பார்க்கலாம். ஸ்கைசோனாவில் சிலருக்குப் புற்று வர வருடங்கள் ஆகின என்பதையும் மறக்கக் கூடாது.

இதைவிட நேரடியான போட்டி வேறு இடத்தில் இருக்கிறது. எமிசிஸுமேப். 2017 முதல் இருக்கும் மருந்து; இது எட்டாம் ஃபேக்டரே அல்ல. ஒரு கையால் ஒன்பதாம் ஃபேக்டரையும் மறு கையால் பத்தாம் ஃபேக்டரையும் பிடித்து அருகில் கொண்டுவந்து, எட்டாம் ஃபேக்டரின் தரகு வேலையைச் செய்துவிடுகிறது. நரம்பு தேட வேண்டாம். இன்சுலின் போலத் தோலுக்கடியில், வாரத்துக்கு ஒரு முறை முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை வரை. போட்டுப் போட்டு ஃபேக்டருக்கே எதிர்ப்பொருள் உண்டாகிவிட்டவர்களுக்கும் வேலை செய்கிறது. கேரளம் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இதை அரசு செலவில் கொடுக்கிறது. மாதம் ஒரு ஊசியில் பையன் ஓடி விளையாடுகிறான் என்றால், எந்த அம்மா அவனைக் கீமோவுக்கு அனுப்புவாள்? முடி வளர்ந்துவிடும், ஆனால் கீமோ குழந்தைப் பேற்றைப் பாதிக்கலாம். கல்யாணம் ஆகாத 22 வயதுப் பையனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பணக்கார நாட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் எளிது: அனுப்ப மாட்டாள். இங்கே கணக்கு மாறும். மாதம் ஒரு ஊசி என்பது வாழ்நாள் முழுவதும் யாரோ பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டிய ஊசி. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசம், உண்மை. ஆனால் இலவச மருந்தை வாங்க நாள் கூலியை விட்டுவிட்டு, வீங்கிய காலோடு பஸ் ஏற வேண்டும். போன அன்று இருப்பு இருக்க வேண்டும். மேற்கத்திய அளவில் ஃபேக்டர் போட நம்மால் முடியாது என்பதால், குறைந்த அளவையாவது விடாமல் கொடுங்கள் என்று வருடக்கணக்காக வாதாடிய மருத்துவர்களில் ஒருவர் இதே ஸ்ரீவாஸ்தவா. உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் சிகிச்சை வழிகாட்டியின் முதன்மை ஆசிரியரும் அவர்தான். அப்படிப்பட்டவர், எல்லாரும் ஏ.ஏ.வி. பின்னால் ஓடிய காலத்தில், கீமோ வேண்டிய இந்தப் பாதையைத் தெரியாமல் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். ஒரு முறை செலவு, உள்ளூர் வார்டு, நிலைத்து நிற்கும் பலன்.

அந்த ஒரு முறை செலவு எவ்வளவு என்பதில்தான் எல்லாம் தொங்குகிறது. நம்பிக்கைக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையும் லென்டிவைரஸ் வண்டியில்தான் ஓடுகிறது. அமெரிக்காவில் மூன்று கோடி ரூபாய்க்கு மேல் விற்கும் அதே வகைச் சிகிச்சை, இங்கே 2023 அக்டோபரில் அனுமதி பெற்று, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விலைக்கு வந்தது. வண்டியையும் செல் தயாரிப்பையும் இங்கேயே செய்தால் விலை இறங்கும் என்பதற்கு அது சாட்சி. பத்தில் ஒரு பங்கும் கூலிக்காரருக்கு எட்டாத உயரம்தான். அரசுக் காப்பீட்டுக்கு எட்டுமா என்பதுதான் அடுத்த பேரம்.

டி.என்.ஏ.வில் தைக்கும் வண்டிகளை ஏற்றியவர்களைப் பதினைந்து வருடம் கண்காணிப்பது உலகில் இப்போது வழக்கம். இப்படிச் சிகிச்சை பெற்றவர் சோதனைக்கு வரும்போது எடுக்கும் ரத்தத்தில் இரண்டு விஷயம் பார்ப்பார்கள். ஒன்று, எட்டாம் ஃபேக்டர் எத்தனை. இன்னொன்று, ஜீன் எங்கெங்கே தைத்துக்கொண்டது, அந்தச் செல்களில் ஏதாவது ஒரு கூட்டம் மட்டும் மற்றவற்றை மீறிப் பெருகுகிறதா. முதல் எண் அதே மட்டத்தில் நிற்க வேண்டும். இரண்டாவது சோதனையில் எதுவும் தனித்துத் தலைதூக்கக் கூடாது.